செயற்கை இழையும் செடிச் சாயமும்

நம் புதுச்சேரியின் நீலத்துணி ஒரு காலத்தில் கடல்கடந்து புகழ்பெற்றிருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ‘கினே’ என்னும் பெயரால் அதனைப் பிரெஞ்சு வணிகர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் வரை கொண்டு சென்றனர். அதற்கு நிறம் தந்தது அவுரிச்செடி. நிறத்தை ஏற்றது பருத்தி நூல். இன்றோ உழவர்கரையிலும் அதனையொட்டிய வில்லியனூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் பாலியெஸ்டர் துணி மலிந்துள்ளது. இதற்கும் செடிச்சாயம் ஏற்ற இயலுமா என்பதை நாம் ஆராய்வோம்.

பருத்தி நீரை உறிஞ்சும். கடுக்காயும் படிகாரமும் சாயத்தை அதனோடு பிணைக்கும். பாலியெஸ்டர் நீரை ஏற்காது. படிகாரமும் அதிற் பற்றாது. ஆயினும் மஞ்சள், மருதோன்றி, மஞ்சிட்டி ஆகியவற்றின் சாயங்கள் நீரில் எளிதிற் கரையாத சிறு மூலக்கூறுகளாதலின் அதனுட் புகவல்லன. சாயம் நன்கு புகுமளவு இழை நெகிழ ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். திறந்த அண்டாவில் நீர் 100 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே அழுத்தக் கலன் தேவை. நைலான் அவ்வாறன்று. பட்டையும் கம்பளியையும் ஒத்த வேதி அமைப்புடையதாதலால் கொதிநீரிலேயே சாயம் ஏற்கும்.

எனவே சாயத்தொழில் தொடங்கும் மகளிர் குழுக்கள் முதலில் இழையைச் சோதித்தறிதல் வேண்டும். நூலைக் கொளுத்தினால் பருத்தி தாள்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். அழுத்தக் கலன் இல்லாத குழு பருத்தியிலேயே தொடங்குதல் நலம்.

செடிச்சாயம் என்பதனாலேயே கழிவுநீர் தூயதாகிவிடாது. மயில்துத்தமோ குரோமிய உப்போ சேர்த்தால் கிணற்றுநீர் கெடும். படிகாரத்தை அளவோடு பயன்படுத்துதலே தக்கது. மஞ்சளின் நிறம் வெயிலில் விரைந்து வெளிறும் என்பதையும் வாங்குவோரிடம் மறையாது கூறுதல் வேண்டும். சாயநீர் ஏரி வாய்க்காலிற் கலவாது காப்பது பஞ்சாயத்தின் கடமையாகும்.