சோதனை எலியா, நோயாளியா?

"புது மருந்து ஆய்வில் சேருகிறீர்களா?" என்று மருத்துவமனையில் கேட்டதுமே, நம்மைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் மனசு சொல்லும். ஆனால் ஆய்வே நடக்காத இடத்தில் நோயாளி மருத்துவரின் ஊகத்தை நம்பித்தான் மருந்து சாப்பிடுகிறார். 1950-களில் காசநோய் வந்தவர் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுத்தால்தான் பிழைப்பார் என்பது பரவலான நம்பிக்கை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியம்; மற்றவர்களுக்கு வீடுதான், அதுவும் நெரிசலான குடியிருப்பு, போதாத சாப்பாடு. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. பெரிய டாக்டர்களின் அனுபவம் சொல்லாததைக் குலுக்கல் சொன்னது.

ஏழைகளிடம் விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அத்தகைய புகார்கள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன மருந்து ஆய்வுகளுக்கான இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு விதிகள். ஆனாலும் காகிதத்து உரிமை, கேட்பவருக்குத்தான் கைக்கு வரும். கையெழுத்திடும் முன் தமிழில் ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கி, வீட்டாருடன் படித்துப் பாருங்கள். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.