பொத்தானும் புலமையும்

“பொத்தானை அழுத்துகிறான், பொறி முழங்குகிறது; இதிலே அவன் வேலை என்ன? கலை என்ன?” என்று கேட்கிறார்கள், மின்னணு இசை மேடையிலே டிரம் மெஷினோடு நிற்பவனைப் பார்த்து!

கேட்பவர்கள் கேலிக்காரர்கள் மட்டுமல்லர். வாத்தியம் வாசித்து வயிறு வளர்த்தவர்களும் கேட்டார்கள். 1982இல் பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளையிலே, இத்தகைய கருவிகளைத் தடை செய்யவேண்டுமென்று தீர்மானமே எழுந்தது. அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பிழைப்பு பறிபோகுமோ என்று பதறுகிறவனுக்குப் பாடம் நடத்துவது பண்பன்று. ஆனால், அந்தப் பொறி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அந்தக் கை அதைக்கொண்டு என்ன செய்தது என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்?

ஜப்பான் நாட்டு ரோலண்டு நிறுவனம், 1980இல் டி.ஆர்.-808 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தது. அதே காலத்திலே அமெரிக்கர் ரோஜர் லின் செய்த எல்.எம்.-1, உண்மை முரசின் ஒலியையே பதிந்து வைத்திருந்தது. விலை 5,000 டாலருக்குப் பக்கம்! 808இன் விலை 1,200 டாலருக்குள். அதன் ஒலியோ, மின்சுற்றே உண்டாக்கிய ஒலி. உண்மை முரசுபோல் இல்லையே என்று மூக்கைச் சுளித்தனர். ஏறத்தாழ 12,000 கருவிகளோடு, 1983இல் உற்பத்தி நின்றது. அந்த ஆண்டே வந்த 909உம் நெடுநாள் நீடிக்கவில்லை.

விலைபோகாத சரக்கு எங்கே போகும்? பழைய பொருள் கடைக்குப் போகும். அடகுக் கடைக்குப் போகும். போயிற்று! பணமுள்ளவன் புறந்தள்ளியதைப் பணமில்லாதவன் பொறுக்கியெடுத்தான். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள் அவர்கள்.

டெட்ராய்ட் எப்படிப்பட்ட ஊர்? கார் செய்து உலகுக்கு அனுப்பிய ஊர். பிறகு ஆலைகள் மூடப்பட்டு, ஆட்கள் குறைக்கப்பட்டு, இயந்திரக் கை உள்ளே வர, மனிதக் கை வெளியே போன ஊர். ஊரின் பெருமையாயிருந்த மோடவுன் இசை நிறுவனமும் 1972இல் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்றோர், இயந்திரத்தை ஏவல் கொண்டு டெக்னோ என்ற இசையைப் படைத்தார்கள். தந்தையர் தலைமுறையின் வேலையைத் தின்ற இனத்திலே பிறந்த பொறி, மைந்தர் முன்னே கைகட்டி நின்று தாளம் போட்டது!

கைகட்டி நின்றதா? எளிதில் நிற்கவில்லை. 909இன் முகப்பைப் பாருங்கள். அடியிலே வரிசையாக 16 பொத்தான்கள்; தாளச் சுற்றின் 16 கூறுகள் அவை. எதை அழுத்துகிறோமோ, அந்த இடத்திலே அடி விழும். சுற்று ஓடும்போதே அடியைச் சேர்க்கலாம்; நீக்கலாம். ஆனால் விளக்குகள் ஒரு நேரத்தில் ஒரு வாத்தியத்தின் அடிகளைத்தான் காட்டும். மற்றவை வாசிப்பவன் மனத்திலே இருக்கவேண்டும். விரல் ஓரிடம் பிசகினால், அந்தப் பிசகு சுற்றுக்குச் சுற்று திரும்பி வரும், ஆயிரம் பேர் காதிலே!

பக்கத்திலே இசைத்தட்டு சுழல்கிறதே, அதற்கும் பொறிக்கும் தொடுப்பு ஏதும் கிடையாது. வேகக் குமிழைத் திருகி, காதை நம்பி, இரண்டையும் இணையாக ஓட்டவேண்டும். கொஞ்சம் அயர்ந்தால் ஒன்று முந்தும், மற்றொன்று பிந்தும். பெரு முரசை அடக்கிவிட்டால், ஆடுகிற கூட்டம் அடுத்த அடிக்கு ஏங்கும். எத்தனை சுற்று ஏங்கவைப்பது? நான்கா? எட்டா? பொறிக்குத் தெரியாது அந்தக் கணக்கு. கூட்டத்தின் முகம் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். (மேடைப் பேச்சாளர்கள் நாம், எங்கே நிறுத்துவது என்பதன் அருமை நமக்குத் தெரியாதா?)

முழுவதையும் முன்னதாகவே பதிந்து வைத்துவிட்டு, மேடையிலே கையை மட்டும் உயர்த்திக் காட்டும் கனவான்களும் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. முரசு வாசிப்பவரை வீட்டுக்கு அனுப்பி, கூலியை மிச்சம் பிடிக்கப் பொறியை வாங்கும் முதலாளிக்காகவும் அல்ல. லண்டன் கிளையின் கோபம் அந்த முதலாளிமீது பாய்ந்திருந்தால், நாமும் கைதட்டியிருப்போம்.

டெட்ராய்ட்டின் மைந்தர் ஜெஃப் மில்ஸ் 909ஐக் கையாளும் காட்சி, 2015இல் வெளிவந்த ‘எக்சிபிஷனிஸ்ட் 2’ என்ற படத்தொகுப்பிலே இருக்கிறது. பொத்தான்மீது விரல் போகும் வேகத்தைக் காமிரா காட்டுகிறது. “அவன் வேலை என்ன?” என்போர் அதைப் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு வழக்காடுவோம்.