பேசிக்கொண்டே ஓடலாம்

ஓட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூட விளையாட்டு விழாதான். விசில் ஊதியதும் தலைதெறிக்க ஓடி, நூறு மீட்டர் முடிவதற்குள் நெஞ்சு அடைத்து, மைதானத்து ஓரத்தில் குனிந்து நின்று மூச்சு வாங்கியிருப்போம். அதன் பிறகு இருபது முப்பது வருடங்கள் ஓட்டத்தின் பக்கமே போயிருக்க மாட்டோம். நாற்பது வயதில் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால், மறுநாள் காலையில் மறுபடியும் அந்த நூறு மீட்டரைத்தான் ஓடப் பார்க்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு வருடம் வண்டி ஓட்டியோ, கடையில் நின்றோ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோ இருந்த உடம்பு அது. புது ஷூ வாங்கி, முதல் நாளே வீராணம் ஏரிக்கரையில் வேகமாகக் கிளம்புவார்கள். இரண்டாம் நாள் கெண்டைக்கால் பிடிக்கும். நான்காம் நாள் முழங்கால் வலிக்கும். அடுத்த வாரம் ஷூ படிக்கட்டுக்குக் கீழே போய்விடும். "ஓட்டம் நமக்கு ஒத்துவராது" என்று முடிவாகிவிடும். ஒத்துவராதது ஓட்டம் அல்ல, அவர்கள் தேர்ந்தெடுத்த வேகம்.

இது சின்ன விஷயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுடன் நடந்து 2023 இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றில் ஒன்றாவது இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மெதுவாக ஓடுவதும் ஓட்டம்தான் என்று உலகுக்குப் புரிய வைத்தவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்து நகரில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியாளராக இருந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டர் பந்தயத்துக்குக் கூட அவர் தம் வீரர்களை வாரத்துக்கு நூறு மைல் அளவில் நீண்ட தூரம் ஓட வைத்தார். அடித்தளம் அகலமாக இருந்தால்தான் மேலே வேகத்தைக் கட்ட முடியும் என்பது அவர் கணக்கு. பிறகு அதே முறையை, மெதுவான அளவில், மாரடைப்பு வந்து மீண்ட நடுத்தர வயதுக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் இதய நோயாளி என்றால் படுத்திரு, அசையாதே என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை.

1962 இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்து ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அங்கே போனார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. காலையில் அந்தக் குழுவோடு ஓடக் கிளம்பியவருக்குச் சற்று தூரத்திலேயே மூச்சு முட்டியது. எழுபது வயதைக் கடந்த, மாரடைப்புகளைப் பார்த்த ஒரு பெரியவர் வேகத்தைக் குறைத்து, அவருக்குத் துணையாகப் பேசிக்கொண்டே ஓடி வந்தார். ஊருக்குத் திரும்பிய போவர்மேன் பொதுமக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1967 இல் ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து ‘ஜாகிங்’ என்ற பெயரிலேயே புத்தகமும் போட்டார். அது லட்சக்கணக்கில் விற்றது. பின்னாளில் நைக்கி ஷூ கம்பெனியாக வளர்ந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் இவரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது.

மெதுவாக ஓடும்போது உடம்பில் என்ன நடக்கிறது? மூச்சு முட்டாத வேகத்தில் தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜன் முழுவதும் கிடைத்துவிடுகிறது. அப்போது உடம்பு கொழுப்பைத் தாராளமாக எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் இதைத் தொடர்ந்தால் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் கூடுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு அதிகரிப்பதால், சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு குறைகிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகள் முன்பைவிட நன்றாக உறிஞ்சிக்கொள்கின்றன. சர்க்கரை நோயாளிக்கு வேண்டியது இதுதானே!

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம் என்பேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் வேகமாகப் போகலாம்" என்று மனசு சொல்லும் நேரத்தில் குதிகால் நரம்பு இன்னும் தயாராகியிருக்காது. புதிதாக ஓடுபவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த அவசரம்தான்.

அமெரிக்காவில் 55,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2014 இல் வெளியான ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடம் கூட, ஓடாதவர்களைவிட இதய நோயால் ஏற்படும் மரணம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஓடுபவர்கள் மற்ற வகையிலும் ஆரோக்கியமாக வாழ்பவர்களாக இருக்கலாம் என்பதால் எல்லாப் பெருமையையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும், பலன் கிடைக்க வேகம் தேவையில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

சரி, எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வாட்ச் இருக்கிறதோ இல்லையோ, இந்தச் சோதனை போதும். ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோவாகி தனாகா இதற்கு ‘புன்னகை வேகம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். முகத்தில் சிரிப்பு மாறாமல் ஓட முடிகிற வேகம். மணிக்கு நான்கைந்து கிலோமீட்டரில், அதாவது நடக்கும் வேகத்திலேயே, சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடச் சொன்னார். அதே வேகத்தில் நடப்பதைவிட இதில் கூடுதல் சக்தி செலவாகிறது. நீண்ட அடி வைத்துக் குதிக்காததால் முழங்காலில் விழும் அடியும் குறைகிறது. இடமும் அதிகம் தேவையில்லை என்பதால், தெருவில் ஓடத் தயங்கும் நம் சகோதரிகள் வீட்டு மாடியிலோ கொல்லையிலோ இதைச் செய்யலாம்.

பக்கத்தில் நடப்பவர் உங்களை முந்திப் போனாலும் போகட்டும். வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம் போதும். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஓய்வு. நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது சாத்தியம்.

நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் பிப்ரவரி மாதத்தில் ஒரு மாரத்தான் நடப்பது வழக்கம். செம்மண் பாதையில், மரங்களுக்கு இடையே ஓட்டம். முதலாவது வந்தவர், இரண்டாவது வந்தவர் என்று பரிசு கொடுப்பதில்லை. ஓட்டத்தின் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்பதுதான் அங்கே அழைப்பு. இருந்தும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். பரிசே இல்லாத பந்தயத்துக்குப் பணம் கட்டிப் போவதைக் கேட்டால் நம் பெரியவர்கள் சிரிப்பார்கள்தான்! 2021 இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் கால் கடுமையாகக் காயமடைந்தவர், சர்க்கரை நோயாளியும் கூட. ஐம்பது வயதைத் தாண்டி ஓடத் தொடங்கி, 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களை நூற்றுக்கு மேல் முடித்திருக்கிறார்.

நம் ஊருக்கு வருவோம். சுமார் 16 கிலோமீட்டர் நீளும் வீராணம் ஏரிக்கரை நமக்கு வாய்த்த பெரிய வசதி. ஆனால் கரைமேல் போவது பேருந்தும் லாரியும் ஓடும் சாலை. சுப்ஹு தொழுகை முடிந்து இருட்டு விலகிய பிறகு, வண்டிகள் எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக, வெளிர் நிறச் சட்டையோடு ஓடுங்கள். காதில் ஹெட்போன் வேண்டாம். துணைக்கு ஒருவர் இருந்தால் பேச்சுச் சோதனையும் தானாக நடந்துவிடும். கரை வேண்டாம் என்றால் கொடிக்கால் பக்கத்து வழிகள் இருக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும் என்பதால், இன்னும் மெதுவாக ஓட வேண்டும். நோன்பு மாதத்தில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, தராவீஹுக்குப் பிறகு வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்துவரும்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, பிரஷர், இதயத் தொந்தரவு உள்ளவர்களும் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓட்டத்தின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், இடது கை வலி வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். "கொஞ்ச தூரம்தானே, முடித்துவிடலாம்" என்று ஓடாதீர்கள், அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.