முன்னோட்டமும் முழு உருவமும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

இக்காலத்தில் கணிப்பொறி நுழையாத இடமில்லை. வங்கி, மருத்துவமனை, தபால் நிலையம், பள்ளி அலுவலகம் என எங்கு நோக்கினும் அது இருக்கிறது. அதை வாங்கச் செல்வோர் விலையைக் கேட்கின்றனர், நிறத்தைக் கேட்கின்றனர். உள்ளிருந்து அதை இயக்குவது எது என்று கேட்போர் சிலரே. அதற்கு இயக்க முறைமை என்று பெயர். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அத்தகைய ஒன்று முறையாக வெளிவருமுன்பே அதன் அரைகுறைப் பிரதி கசிந்து, உலகெங்கும் ஊகங்கள் பறந்த வரலாற்றையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இயக்க முறைமை என்பது யாது?

நம் பள்ளியில் எந்த வகுப்பு எந்த அறையில், எந்த மணிக்கு, எந்த ஆசிரியையிடம் பயில வேண்டும் என்பதைக் கால அட்டவணை முடிவு செய்கிறது. அது இல்லாவிடில் இரண்டு வகுப்புகள் ஒரே ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நிற்கும். கணிப்பொறிக்குள்ளும் இவ்வாறே. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், அச்சுப்பொறியை இப்போது யார் பயன்படுத்துவது, கோப்பு எங்கே சேமிக்கப்படுவது என்பவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்துவது இயக்க முறைமையே. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இவற்றுள் பெரிதும் பரவியது. அதன் பத்தாம் பதிப்பு 2015 ஜூலை 29 அன்று வெளியாயிற்று. 2020 மார்ச்சில் அது நூறு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் இயங்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே, அடுத்த பதிப்பு எப்படி இருக்கும் என்பது நூறு கோடி வீடுகளையும் அலுவலகங்களையும் தொடும் கேள்வியாகிவிட்டது.

இத்தகைய முறைமை ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவதன்று. நிரலாளர் பலர் தனித்தனியே எழுதும் பகுதிகளை அடிக்கடி ஒன்றுகூட்டி, ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வாறு கூட்டிய ஒவ்வொரு பிரதிக்கும் ‘பில்டு’ என்று பெயர். அதற்கு ஓர் எண்ணும் உண்டு. தையற்காரர் ஓட்டுத்தையல் போட்டு அளவு பார்க்கத் தரும் சட்டையைப் போன்றது அது. கை ஒரு பக்கம் இருக்கும், காலர் இன்னும் வந்திராது. நிறுவனமே விருப்பமுள்ளோருக்கு இவ்வாறு அளவு பார்க்கத் தருவதும் உண்டு. 2014 முதல் ‘விண்டோஸ் இன்சைடர்’ என்ற திட்டத்தின் வழியே மைக்ரோசாப்ட் அவ்வாறு செய்துவருகிறது. அனுமதியின்றி வெளியேறும் பிரதியைத்தான் கசிவு என்கிறோம்.

துப்புகள் சேர்ந்த விதம்

2015 மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த மாநாடு ஒன்றில், மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர் விண்டோஸ் 10 தான் கடைசிப் பதிப்பு என்று பேசினார். இனிப் புதிய எண் வராது, பத்தாம் பதிப்பே அவ்வப்போது திருத்தம் பெற்று வளரும் என்று பலர் நம்பினர். ஆனால் 2020 அக்டோபரில், ‘சன் வேலி’ என்ற மறைபெயரில் பெரிய மாற்றம் ஒன்று தயாராகிறது என்று பத்திரிகைகள் எழுதின. 2021 ஜனவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட வேலைவாய்ப்பு விளம்பரம் ஒன்றில், விண்டோஸின் தோற்றமே புத்துயிர் பெறப்போகிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மே 25 அன்று தலைமை அதிகாரி சத்யா நாதெள்ளா, பத்தாண்டுகளில் மிக முக்கியமான மாற்றங்களுள் ஒன்று வருகிறது என்று குறிப்பாகச் சொன்னார்.

ஜூன் 2 அன்று வந்த அழைப்பிதழில்தான் ஊகம் சூடுபிடித்தது. ஜூன் 24 அன்று அறிவிப்பு நடக்கும் என்ற அந்த அழைப்பிதழில் ஒரு படம் இருந்தது. விண்டோஸ் சின்னத்தின் சாளரம் வழியே ஒளி தரையில் விழுகிறது. சாளரத்திற்குக் குறுக்குச் சட்டம் உண்டு. ஆனால் அதன் நிழல் மட்டும் தரையில் இல்லை. எனவே ஒளி இரண்டு நேர்க்கோடுகளாக, 11 என்ற எண்போல் விழுந்திருந்தது! விழாவின் நேரமும் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி காலை 11 மணி. பிறகு, பழைய விண்டோஸ் பதிப்புகளின் தொடக்க இசையை மெதுவாக்கி நிறுவனம் வெளியிட்ட காணொளியும் 11 நிமிடம் ஓடியது. கணக்குப் பாடத்தில் விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் கோடிட்டுக் காட்டும் ஆசிரியையைப் போல நிறுவனமே விளையாடியது எனலாம்.

கசிந்த பிரதியில் இருந்தது என்ன?

ஜூன் 15 அன்று, அறிவிப்புக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், 21996 என்ற எண்ணுடைய பில்டு கசிந்தது. சில மணி நேரத்தில் அதன் படங்கள் உலகெங்கும் பரவின. அதில் விண்டோஸ் 11 என்ற பெயர் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. திரையின் இடது மூலையில் இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. சாளரங்களின் கூர்மையான மூலைகள் வளைந்திருந்தன. ஸ்டார்ட் பட்டியலில் அசைந்துகொண்டிருந்த வண்ணக் கட்டங்களைக் காணோம். தொடக்க இசையும் புதியது.

அப்போது நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தோம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து, வீட்டிலிருந்தே பாடம் கேட்ட காலம் அது. வீட்டிலிருந்த ஒரே கணிப்பொறிக்கு அண்ணனும் தங்கையும் போட்டியிட்ட அந்நாட்களில், இச்செய்தி பெரியவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

கசிவைப் பற்றி அன்று பேசப்பட்டவற்றை நாம் மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கண்டது. நடுவிலிருக்கும் பொத்தானும் வளைந்த மூலைகளும் இவ்வகை. அவை ஊகமல்ல, காட்சி. இரண்டாவது, கண்டதைக் கொண்டு கருதியது. விண்டோஸ் 10எக்ஸ் என்று ஒரு முறைமையை மைக்ரோசாப்ட் 2019இல் அறிவித்து, 2021 மே மாதம் கைவிட்டிருந்தது. கசிந்த தோற்றம் அதனை ஒத்திருந்ததால், அங்கு வீணான உழைப்பே இங்கு உருமாறி வந்துள்ளது என்று கருதினர். அது சரியாகவே இருந்தது. மூன்றாவது, விரும்பியது. “மேலே தெரிவது புதிய வண்ணப் பூச்சுதான், பத்து ஓடும் பொறியில் பதினொன்றும் ஓடிவிடும்” என்று பலர் மகிழ்ந்தனர். அவர்கள் விரும்பியதையே கண்டதாக எண்ணிக்கொண்டார்கள்.

முழு உருவம் தெரிந்தபோது

ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 முறையாக அறிவிக்கப்பட்டது. கசிவில் கண்ட முகம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆனால் கசிவில் இல்லாதவையும் பல இருந்தன. புதிய ஸ்டோர் ஒன்று காட்டப்பட்டது; கசிந்த பிரதியில் பழையதே இருந்தது. அமைப்புகளை மாற்றும் ‘செட்டிங்ஸ்’ பகுதியும் புதிதாகியது. கைப்பேசிக்குரிய ஆண்ட்ராய்டு செயலிகள் விண்டோஸில் இயங்கும் என்றும் அறிவித்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி, எந்தப் பொறியில் இது இயங்கும் என்ற நிபந்தனைதான். 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம் என்பவை எளியவை. ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தேவை என்றார்கள். இரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் அது. இன்டெல் செயலியானால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் இருந்தது. எட்டாம் தலைமுறை வந்ததே 2017இல்தான். ஆகவே, நான்கே ஆண்டுகளுக்கு முன் வாங்கி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறிகள் பலவும் தகுதியிழந்தன. ஏழாம் தலைமுறைச் செயலியுடன் 2018இல் மைக்ரோசாப்டே விற்பனைக்குக் கொண்டுவந்த ‘சர்பேஸ் ஸ்டுடியோ 2’ என்ற கணிப்பொறிகூட முதலில் பட்டியலில் இல்லை! ஆகஸ்டு மாதத்தில்தான் அதன் செயலி சேர்க்கப்பட்டது. தகுதியைச் சோதிக்க நிறுவனம் தந்த நிரலோ, காரணத்தை விளங்கச் சொல்லாமல் ‘இயலாது’ என்று மட்டும் காட்டியதால் ஜூன் இறுதியிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. கசிந்த பிரதியைப் பழைய பொறிகளில் நிறுவ முயன்ற சிலருக்கு, டி.பி.எம். தேவை என்ற சிறு அறிவிப்பு அப்போதே திரையில் வந்தது. அதைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழியைத் தேடினார்களேயன்றி, அது எல்லோருக்குமான நிபந்தனையாக இருக்குமோ என்று கேட்டவர்கள் குறைவு. அழகிய முகத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசினர். வாசலில் தொங்கிய பூட்டைப் பற்றிப் பேசியவர் சிலரே.

2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளியாயிற்று. மேடையில் காட்டிய ஆண்ட்ராய்டு செயலி வசதி அன்று அதில் இல்லை. 2022 பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் முன்னோட்டமாக வந்தது. 2025 மார்ச் 5 உடன் அதற்கான ஆதரவும் முடிந்தது. ஆகவே கசிவு மட்டுமன்று, நிறுவனத்தின் வாக்குறுதியும் காலத்தால் சோதிக்கப்பட வேண்டியதே.

முன்னும் நடந்த கதை

இதற்கு முன்பும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளியானபோதே அடுத்ததற்கு ‘லாங்ஹார்ன்’ என்று மறைபெயர் சூட்டப்பட்டிருந்தது. 2002, 2003 ஆண்டுகளில் அதன் பிரதிகள் பல கசிந்தன. திரையின் வலப்பக்கம் கடிகாரத்துடன் ஒரு பட்டை, கோப்புகளைப் பெயரால் மட்டுமன்றிப் பொருளாலும் தேடித் தரும் ‘வின்எப்எஸ்’ எனும் சேமிப்பு முறை என்று அவற்றில் வியப்புகள் பல. அக்காள் அனுப்பிய கடிதங்கள் அனைத்தும் வேண்டும் என்றால் எடுத்துத் தரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் வேலை சிக்கலாகி, 2004 ஆகஸ்டில் வின்எப்எஸ் கைவிடப்பட்டது. கட்டிய பகுதியை ஒதுக்கிவிட்டு வேறோர் அடித்தளத்தில் மீண்டும் தொடங்கினர். ‘விஸ்டா’ என்ற பெயரில் அது பொதுமக்களுக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்று. பட்டை உருமாறி வந்தது. வின்எப்எஸ் வரவே இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். மெய்தான்; ஆனால் உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரு சோறு, அந்த நொடியின் பதத்தைத்தான் சொல்லும். லாங்ஹார்னில் பானையையே இறக்கி வேறு பானை ஏற்றிவிட்டார்கள்.

ஆபத்தும் உண்டு

கசிந்த பிரதியைத் தேடிச் செல்வதில் வேறொரு தீங்கும் இருக்கிறது. 2021 ஜூலையில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கசிந்த அதே 21996 என்ற எண்ணைப் பெயரில் தாங்கிய ஒரு கோப்பு வலம் வருகிறது, அளவு 1.75 ஜிகாபைட், அதன் பெரும்பகுதி பயனற்ற நிரப்பல், நிறுவ முற்பட்டால் தீய நிரல்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதே அது. உண்மையான கசிவு எது, போலி எது என்று உறுதி கூற அங்கே பொறுப்பாளர் எவரும் இல்லை. பிறர் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுப்பது தவறு என்பது ஒருபுறம் இருக்க, எடுத்தவரே இழப்புக்கு ஆளாவதும் நேர்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த நாளில் பழைய பொறி எதுவும் நின்றுவிடவில்லை; ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத வீடாக அது ஆகத் தொடங்கியது. ஆக, 2021இல் பலர் கவனியாது விட்ட அந்தச் சிறு நிபந்தனைதான் இன்று குடும்பங்களின் செலவுக் கணக்கில் வந்து நிற்கிறது. பொத்தான் நடுவில் இருந்தாலென்ன, ஓரத்தில் இருந்தாலென்ன? புதுப்பொறி வாங்கப் பணம் வேண்டுமே!

ஊகிப்பது குற்றமன்று. நிழலில் குறுக்குச் சட்டம் இல்லாததைக் கண்டு 11 என்று சொன்னவரின் கூர்மையை நாமும் பெற வேண்டும். அதனுடன் மூன்று கேள்விகளையும் வைத்துக்கொள்வோம். இதில் நாம் கண்டது எவ்வளவு? கருதியது எவ்வளவு? விரும்பியது எவ்வளவு? இயக்க முறைமையானாலும், புதிய கைப்பேசியானாலும், தேர்வுத் தாளில் வரும் என்று காதோடு காதாகப் பரவும் வினாக்களானாலும், இக்கேள்விகள் நமக்குக் காவலாக இருக்கும்.

தோழியரே, அடுத்த பதிப்பின் படங்களும் என்றேனும் ஒருநாள் கசியத்தான் போகின்றன. அன்று அதன் அழகைப் பார்த்து மகிழ்வோம். கூடவே, நம் வீட்டுப் பொறியில் அது இயங்குமா, எத்தனை ஆண்டுகளுக்கு ஆதரவு உண்டு என்று அறிவிப்பு வரும்வரை பொறுத்திருந்து கேட்போம். பெற்றோர் பணம் எடுத்து வைக்குமுன் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் நம் கடமையன்றோ!