கழுதை ஓட்டிய சிறுவர் இயற்றிய அகராதி

கற்றவர் பேசுவதே பாஷை, கல்லாதவர் பேசுவது வெறுங் கொச்சை என்று எண்ணுவோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் அந்தக் கொச்சைக்கு ஆறு பெருந்தொகுதிகளில் அகராதி இயற்றியவர், பதினைந்து பிராயம் வரை எழுதப் படிக்க அறியாத ஆலைத் தொழிலாளியாக இருந்தவர் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அவர் பெயர் ஜோஸப் ரைட்.

1855-ஆம் ஆண்டில், யார்க்ஷயரில் பிராட்போர்டு நகருக்கு அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆறாவது வயதில், கல்லுடைப்போரின் கருவிகளைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போகும் கழுதை வண்டியை ஓட்டினார். ஏழாவது வயதில் கம்பளி ஆலையொன்றில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் வேலையில் அமர்ந்தார். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. அச்செய்திகளைப் பிறர் வாசிக்கக் கேட்டபோது, தம்மால் வாசிக்க இயலவில்லையே என்ற வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பைபிளையும் 'மோட்ச பிரயாண'த்தையும் வைத்துக் கொண்டு தாமே எழுத்துக் கற்றார். பிறகு இராப் பள்ளிக்கூடம் சென்றார். 1876-ல், உழைத்துச் சேர்த்த பணத்துடன் கப்பலேறி, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ஜெர்மனியிலுள்ள ஹைடல்பெர்க் வரை கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். அங்கே 1885-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1901-ல் ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலையில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரானார்.

இவ்வளவு உயர்ந்தும் அவர் தம் வீட்டுப் பேச்சை மறைக்கவில்லை. 1892-லேயே, தாம் வளர்ந்த விண்ட்ஹில் கிராமத்துப் பேச்சுக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டிருந்தார். பள்ளிக்கூடமும் இரயிலும் பரவப் பரவ, பழைய கிராமியச் சொற்கள் மறைந்து கொண்டிருந்தன. 1873-ல் ஸ்கீட் என்னும் அறிஞர் நிறுவிய சங்கத்தார் அச்சொற்களைத் திரட்டி வந்தனர்; அத்திரட்டு ரைட்டின் கைக்கு வந்தது. பல ஊர்களிலிருந்தும் அன்பர்கள் துண்டுத் தாள்களில் மேலும் சொற்களை எழுதி அனுப்பினர். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஜில்லாவில் வழங்குகிறது, எப்பொருளில் வழங்குகிறது என்று ஆராய்ந்து பதிவு செய்தார். அவருடைய மனைவி எலிஸபெத் அம்மையாரும் இப்பணியில் துணை நின்றார். ரைட் சந்தாதாரர்களைச் சேர்த்து, நஷ்டத்துக்கு அஞ்சாமல் தாமே நூலை வெளியிட்டார். 1898 முதல் 1905 வரை வெளிவந்த அந்த அகராதியில் ஏறக்குறைய 70,000 சொற்கள் இருக்கின்றன.

1930-ல் ரைட் காலமானார். உழவரும் நெசவாளரும் நாவில் வழங்கிய சொற்களைத் தேடுவோர் இன்றும் அவருடைய அகராதியையே புரட்டுகிறார்கள்.

உபாத்தியாயனாகிய நான் இவ்வரலாற்றைப் படித்தபின் ஒரு வழக்கத்தை விட்டுவிட்டேன். மாணவன் தன் வீட்டுச் சொல்லொன்றை வகுப்பில் சொன்னால் முன்பெல்லாம் "தப்பு" என்று அடித்துவிடுவேன். இப்போது, "அதை உங்கள் வீட்டில் யார் சொல்லுவார்கள்?" என்று முதலில் கேட்கிறேன். பரீட்சைக்கு வேண்டிய சொல்லை அதன் பிறகு கற்பிக்கிறேன்.