பெற்றுக்கொள்வதும் ஓர் ஊழியமே

"யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை." டயாலிசிஸ் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. வாரத்தில் பெரும்பாலும் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் சிகிச்சை பெறுவோர் இதனைச் சொல்கின்றனர். அழைத்து வர அண்டை வீட்டாரோ சபையாரோ முன்வந்தாலும் மறுத்துவிட்டுத் தனியே பேருந்தில் வருகின்றனர். சிகிச்சை முடிந்தபின் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரக்கூடும். துணையில்லை என்று சிகிச்சையையே தவறவிடுவோரும் உண்டு. அப்போது உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கொடுப்பது கிறிஸ்தவக் கடமை, பெறுவது இழுக்கு என நம்மில் பலர் எண்ணுகிறோம். வேதாகமம் அவ்வாறு காட்டவில்லை. இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சகேயுவின் வீட்டில் தங்கினார். மார்த்தாள் பரிமாறிய விருந்தை ஏற்றார். பெண்கள் பலர் தங்கள் பொருளால் அவருக்கு உதவியதை லூக்கா 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். தம் கால்களைக் கழுவ இயேசு வந்தபோது பேதுரு மறுத்தார். அம்மறுப்பை இயேசு ஏற்கவில்லை. சிறையிலிருந்த பவுல், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய காணிக்கையை மகிழ்வோடு பெற்று, அது தேவனுக்கு உகந்த பலி என்றே எழுதினார். ஆகவே உதவியை மறுக்கும்போது, கொடுப்பவர் படைக்க வந்த பலியையும் நாம் தடுத்துவிடுகிறோம்.

ஆயினும், அன்பை ஏற்பது வேறு. கொண்டுவந்ததையெல்லாம் உண்பது வேறு. நலம் விசாரிக்க வருவோர் இளநீர், ஆரஞ்சு, வாழைப்பழம் கொண்டுவருவது நம் வழக்கம். டயாலிசிஸ் நோயாளிக்கு இவற்றிலுள்ள பொட்டாசியம் தீங்கு செய்யும்; இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். முகம் கோணாமல் பெற்று, நன்றி கூறி, துணைக்கு இருப்பவருக்குக் கொடுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டாம். அவருக்கும் அதே கட்டுப்பாடு இருக்கலாம்.

"ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று கேட்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்னாதீர்கள். "வியாழக்கிழமை சிகிச்சை முடிந்ததும் வீட்டில் கொண்டுவிட முடியுமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, உப்புக் குறைத்துச் சமைத்துத் தருவது, மருந்து வாங்கி வருவது ஆகியவையும் கேட்கத்தக்கவையே.

பராமரிப்போருக்கும் ஒரு சொல். இரவெல்லாம் விழித்திருப்பவர் மருந்தின் அளவிலும் வேளையிலும் தவறக்கூடும். உறவினர் ஒருவர் இரண்டு மணி நேரம் அருகில் அமர முன்வந்தால், அந்நேரத்தில் உறங்குங்கள். அதனால் உங்கள் அன்பு குறைந்துவிடாது.

பெற்றதை உடனே திருப்பித் தர வேண்டுமென வருந்தாதீர்கள். மனமார நன்றி கூறினால் போதும். அடுத்த முறை வரும்போது, உங்களை அழைத்துச் செல்ல இசைந்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் செவிலியரிடம் கூறுங்கள்.