தத்துப்பூச்சியின் பின்னங்காலில் முள்வரிசை ஏன்?

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் காணப்படும் கிராஃபோசெஃபாலா காக்சினியா என்னும் இலைத் தத்துப்பூச்சி, 1 சென்டிமீட்டருக்கும் குறைந்த உடலில் சிவப்பும் நீலமும், அல்லது சிவப்பும் பச்சையும், மாறிமாறி ஓடும் வரிகளால் கண்ணைக் கவர்கிறது. எனினும் ஒரே இனத்திற்குள்ளேயே நிறம் மாறுபடுவதால், அதை மட்டும் நம்பிப் பூச்சியின் குடும்பத்தை முடிவுசெய்ய இயலாது.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? பின்னங்காலின் நீண்ட துண்டில் வரிசையாக நிற்கும் நுண்முட்களே உறுதியான அடையாளம்.

அந்த முட்களுக்கு ஒரு வேலையும் உண்டு. தோலுரித்த தத்துப்பூச்சி, புரோக்கோசோம்கள் எனப்படும், 1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மிதக்கும் திரவத்தைக் கழிவுவாய் வழியே வெளியிட்டு, தலையில் எண்ணெய் வைத்துச் சீப்பால் வாருவதைப் போல, கால்முட்களின் துணையோடு உடலெங்கும் பரப்பிக்கொள்கிறது. உலர்ந்த பூச்சு நீரை ஒட்டவிடுவதில்லை. செடியின் சாற்றை ஓயாமல் உறிஞ்சி நீர்க்கழிவைத் துளித்துளியாகத் தெறிக்கவிடும் சிற்றுயிருக்கு இது எத்துணை அருமையான கவசம்!

ஆகவே பூச்சியின் குடும்பத்தை அடையாளம் காண, முதுகின் வண்ணத்தை மட்டும் படமெடுப்பது போதாது. பூச்சி குளிரில் மந்தமாக இருக்கும் காலை வேளையில், நிழல் விழாமல் மெல்ல நெருங்கி, பளபளக்கும் சிறகில் ஒளி தெறிக்காதவாறு ஃபிளாஷின் முன் மெல்லிய வெள்ளைத் தாளைப் பொருத்தி, பின்னங்கால் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.